கொந்தளிக்கும் கடலில் சரக்குக் கப்பலின் எரிபொருள் சிக்கனம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமைதியான கடலில் எரிபொருளை மிச்சப்படுத்துவது பற்றி நிறையப் பேச்சு உண்டு. காற்றும் அலையும் எதிர்த்து வரும் நாட்களைப் பற்றித்தான் குழப்பம் அதிகம். கப்பலில் வேலை செய்பவர்களும், கரையில் இருந்து கப்பலை நடத்துபவர்களும், இந்தத் துறைக்குள் புதிதாக வருபவர்களும் கேட்கும் கேள்விகள் இங்கே.

கடல் மோசமானால் எரிபொருள் ஏன் கூடுதலாகச் செலவாகிறது?

தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போக எப்போதும் ஒரு தடை உண்டு. அதோடு அலைத் தடையும் சேர்ந்துகொள்கிறது. கப்பல் எழுந்து விழும்போதும், முன்முனையான மூக்கைக் குத்தி நிமிரும்போதும் தன்னைச் சுற்றிப் புது அலைகளை உண்டாக்குகிறது. அந்த அலைகளுக்கான ஆற்றலை இன்ஜின்தான் கொடுத்தாக வேண்டும். அலை சின்னதாகவும் கப்பல் பெரியதாகவும் இருந்தால் கப்பல் அவ்வளவாக ஆடாது. ஆனாலும் அலைகள் மூக்கில் மோதித் திரும்பிக்கொண்டே இருக்கும், அதுவும் தடைதான்.

அப்புறம் காற்று. 15 நாட் (மணிக்கு 15 கடல் மைல்) வேகத்தில் போகும் கப்பலுக்கு எதிரே 30 நாட் காற்று வீசினால், கப்பல் உணர்வது 45 நாட் காற்று. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பதால், காற்றே இல்லாத நாளைவிட அது ஒன்பது மடங்கு ஆகிவிடும். மேலே ஐந்தாறு அடுக்குக் கண்டெய்னர் வைத்திருக்கும் கப்பலுக்கு இது லேசான விஷயம் இல்லை. காற்று பக்கவாட்டில் வந்தால் கப்பல் ஒதுங்காமல் இருக்கச் சுக்கானைச் சற்றுத் திருப்பியே வைத்திருக்க வேண்டும், அதற்கும் ஒரு விலை உண்டு. இத்தனை சுமையை இழுக்கும்போது புரொப்பெல்லரின் திறனும் சரிகிறது.

எவ்வளவு கூடும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?

ஓரளவுக்கு முடியும். கப்பலை வடிவமைக்கும்போதே, அமைதியான நீரில் தேவைப்படும் சக்திக்கு மேல் சுமார் 15 சதவீதத்தைக் கடலுக்கென்று ஒதுக்குவது பழைய வழக்கம். அது சராசரிக்கு எடுத்துக்கொள்ளும் எண். மோசமான நாளில் தேவை அதைத் தாண்டிப் போய்விடும்.

இரண்டு விதிகளை நினைவில் வைத்தால் போதும். ஒன்று, அலைத் தடை அலை உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 2 மீட்டர் அலை 4 மீட்டர் ஆனால் தடை இரண்டு மடங்கு ஆகாது, ஏறத்தாழ நான்கு மடங்கு ஆகும். இன்னொன்று அலையின் நீளம். எதிர் அலையில், அலையின் நீளம் கப்பலின் நீளத்தை நெருங்கும்போது தடை உச்சத்தைத் தொடும். ஆழ்கடலில் அலை நீளத்தை மீட்டரில் கணக்கிட, அலை வரும் கால இடைவெளியை வர்க்கமாக்கி 1.56ஆல் பெருக்கினால் போதும். 12 நொடிக்கு ஒரு முறை வரும் அலையின் நீளம் சுமார் 225 மீட்டர். பனாமா கால்வாய்க்குள் அடங்கும் அளவிலான பனாமாக்ஸ் பல்க் கேரியரின் (தானியம், நிலக்கரி போன்றவற்றை மொத்தமாக ஏற்றும் கப்பல்) நீளமும் ஏறக்குறைய அதுதான்! அதனால் வானிலை அறிக்கையில் அலை உயரத்தை மட்டும் பார்த்துவிட்டு நகர்வது சரியில்லை. அதே 4 மீட்டர் அலை 7 நொடிக்கு ஒன்றாக வந்தால் ஒரு கதை, 12 நொடிக்கு ஒன்றாக வந்தால் வேறு கதை.

அப்படியானால் 400 மீட்டர் கப்பலுக்குக் கவலை இல்லையா?

குறைவு. அந்த நீளத்துக்கு ஈடான அலை 16 நொடி இடைவெளியில் வர வேண்டும், அப்படிப்பட்ட அலை தினமும் வருவதில்லை. ஆனால் மூக்கில் மோதித் திரும்பும் சிறு அலைகளும், பெரிய பக்கப் பரப்பில் அடிக்கும் காற்றும் பெரிய கப்பலையும் விடுவதில்லை.

வேகத்தைக் குறைத்தால் எவ்வளவு மிச்சம்?

தேவைப்படும் சக்தி ஏறத்தாழ வேகத்தின் மும்மடிக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்ப மாறும். வேகத்தை 10 சதவீதம் குறைத்தால் சக்தி 27 சதவீதம் குறையும். பயணம் அதற்கேற்ப நீளும் என்பதால் மொத்தப் பயணத்துக்கான எரிபொருள் சுமார் 19 சதவீதம் குறையும். இந்தக் கணக்கு அமைதியான கடலுக்கானது.

பலர் கவனிக்காத பக்கம் ஒன்று உண்டு: வேகம் ஏற்ற இறக்கமாக இருப்பதே செலவு. பாதித் தூரம் 12 நாட், மீதிப் பாதி 16 நாட் என்று ஓடும் கப்பலின் சராசரி வேகம் 13.7 நாட். முழுத் தூரத்தையும் சீராக 13.7 நாட்டில் ஓடியிருந்தால் அதே நேரத்தில் போய்ச் சேர்ந்திருக்கும். ஆனால் ஏறி இறங்கி ஓடியதால் எரிபொருள் 6 சதவீதம் கூடுதலாகப் போயிருக்கும். மோசமான வானிலையில் இழந்த நேரத்தைப் பிறகு விரட்டிப் பிடிக்கலாம் என்று நினைக்கும் கப்பல்களில் நடப்பது இதுதான்.

மோசமான கடலில் எதைச் சீராக வைத்திருக்க வேண்டும்? வேகத்தையா, ஆர்பிஎம்மையா (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை), சக்தியையா?

வேகத்தைப் பிடித்து வைக்க முயல்வது மூன்றிலும் மோசம். தடை கூடக் கூட இன்ஜினை நெருக்கிக்கொண்டே போக வேண்டியிருக்கும், கடைசியில் இன்ஜின் அதன் முறுக்குவிசை எல்லையில் போய் முட்டும். ஆர்பிஎம்மைச் சீராக வைத்தாலும் தடை கூடும்போது சுமை தானாக ஏறும். சக்தியைச் சீராக வைத்தால் வேகம் விழுகிறவரை விழட்டும் என்று விட்டுவிடுகிறோம். கடல் அமைதியானதும் அது தானே மீளும்.

கணக்கு முழுவதும் சக்தியின் பக்கமே சாயும் என்று சொல்ல மாட்டேன். மும்மடி விதி அப்படியே பொருந்தினால், குறித்த நேரத்தில் போய்ச் சேர மிகச் சிக்கனமான வழி பயணம் முழுக்க ஒரே சக்தியில் ஓடுவது. ஆனால் அலைத் தடையில் ஒரு பகுதி வேகத்தைப் பெரிதாகச் சாராது. அந்தப் பகுதி மட்டும் இருந்தால் சீரான வேகமே சிக்கனம் என்று கணக்கு வரும். நிஜம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. புரொப்பெல்லரின் திறன் இழப்பு, கப்பல் வாங்கும் அடி, சரக்கின் பாதுகாப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது தராசு சக்தியைச் சீராக வைக்கும் பக்கம் சாய்கிறது.

அப்படியென்றால் முடிந்தவரை மெதுவாகப் போய்விடலாமே?

கூடாது. ஒரு எல்லைக்குக் கீழே போனால் சுக்கான் பேச்சைக் கேட்காது, காற்று மூக்கைத் தள்ளிக்கொண்டு போய்விடும். கப்பல் அலைக்குப் பக்கவாட்டில் திரும்பிவிட்டால் எரிபொருள் பற்றி யாரும் யோசிக்க மாட்டார்கள். இரண்டு ஸ்ட்ரோக் டீசல் இன்ஜினும் மிகக் குறைந்த சுமையில் சிக்கனமாக ஓடாது. டர்போசார்ஜர் தரும் காற்று போதாமல், மின்சாரத்தில் ஓடும் துணை புளோயர்கள் இயங்கத் தொடங்கும்.

சிக்கனத்துக்காகச் சின்ன இன்ஜினைப் பொருத்திவிட்டு, புயலில் திணறும் கப்பல்கள் வந்துவிடக் கூடாது என்ற கவலையும் உண்டு. 2013 முதல் புதிய கப்பல்களுக்கு வடிவமைப்பின் ஆற்றல் திறன் குறியீடு கட்டாயமானபோதே, பல்க் கேரியர்களுக்கும் டேங்கர்களுக்கும் குறைந்தபட்ச உந்துசக்தி வழிகாட்டலைச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு (ஐஎம்ஓ) கொண்டுவந்தது இதனால்தான்.

புரொப்பெல்லர் நீருக்கு வெளியே வந்துவிட்டால் என்ன நடக்கும்?

இன்ஜின் கட்டுப்பாட்டு அறையில் நின்று பார்த்தால் இது நன்றாகத் தெரியும். பின்புறம் தூக்கும்போது 80இல் நின்றிருந்த ஆர்பிஎம் முள் சட்டென்று துள்ளும். இன்ஜின் வேகத்தைச் சீராக வைக்கும் கருவியான கவர்னர் எரிபொருளை வெட்டும். பின்புறம் மீண்டும் தண்ணீரில் அமிழும்போது புரொப்பெல்லர் திடீரென்று முழுச் சுமையையும் வாங்கும், முள் 80க்குக் கீழே சரியும், கவர்னர் மறுபடி எரிபொருளைக் கொட்டும். பத்துப் பன்னிரண்டு நொடிக்கு ஒரு முறை இது திரும்பத் திரும்ப நடக்கும். இப்படித் துள்ளி ஓடும் இன்ஜின் ஒவ்வொரு கிராம் எரிபொருளுக்கும் தர வேண்டிய வேலையைத் தராது. வேகம் எல்லை மீறினால் பாதுகாப்பு அமைப்பு இன்ஜினையே நிறுத்திவிடும்.

கவர்னரில் மோசமான கடலுக்கென்று தனி அமைப்பு இருந்தால் அதைப் போட்டுவிட வேண்டும். சில கப்பல்களில் அது இருப்பதே மறந்துபோயிருக்கும். ஆர்பிஎம்மைச் சற்றுக் குறைப்பதும் உடனடிப் பலன் தரும். ஆனால் அடிப்படைத் தீர்வு பின்புறத்தைப் போதுமான அளவு ஆழத்தில் வைப்பதுதான். சரக்கில்லாமல் போகும் பல்க் கேரியர்களில், வானிலை மோசம் என்று தெரிந்தால் சரக்கு அறை ஒன்றையே கடல்நீரால் நிரப்புவார்கள். அதைத் துறைமுகத்திலோ அமைதியான நீரிலோ முடித்துவிட வேண்டும். பாதி நிரம்பிய அறையோடு அலைக்குள் போனால் உள்ளே தண்ணீர் அலைமோதி ஹேட்ச் மூடியைப் பெயர்த்துவிடும். கூடுதல் பாலாஸ்ட் (கப்பலை ஆழத்தில் நிறுத்த நிரப்பும் கடல்நீர்) என்றால் கூடுதல் எடை, அமைதியான கடலில் அது வீண் செலவு. எனவே கிளம்பும் முன் வானிலையைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

இன்னொரு தொல்லை: ஆட்டத்தில் எரிபொருள் தொட்டியின் அடியில் தங்கியிருந்த கசடு கலங்கி மேலே வரும், ஃபில்டர்கள் அடைத்துக்கொள்ளும். தொட்டியின் கசடை முன்பே வடித்துவிட்ட சீஃப் இன்ஜினியர் புயல் இரவில் கொஞ்சமாவது கண்ணயரலாம்.

புயலைச் சுற்றிப் போவது லாபமா, நேராகப் போவது லாபமா?

பெரும்பாலும் மூன்றாவது வழிதான் லாபம்: புயல் கடந்து போகும்வரை மெதுவாகப் போவது.

எளிய கணக்கு ஒன்று போடலாம். 14 நாட் வேகத்தில் நாளுக்கு 30 டன் எரிக்கும் கப்பல், இன்னும் 11 நாள் பயணம் மீதி இருக்கிறது. அமைதியான கடல் என்றால் மொத்தம் 330 டன். நடுவே ஒரு நாள் புயலில் சிக்கி, வேகத்தைத் தக்கவைக்கச் சக்தித் தேவை பாதி அளவு கூடினால் 15 டன் கூடுதல். அதற்குப் பதிலாக முதல் நாள் 11 நாட்டுக்கு வேகத்தைக் குறைத்து, புயல் தாழ்வு தன் பாதையில் முன்னே நகர்ந்த பிறகு மீதி 10 நாளும் 14.3 நாட்டில் போனால், அதே நேரத்தில் போய்ச் சேரலாம். கூடுதல் செலவு சுமார் 4 டன். சரக்குக்கும் சேதமில்லை, சமையலறையில் பாத்திரமும் உருளாது.

இந்தக் கணக்கு வேலை செய்ய ஒரே ஒரு நிபந்தனை: முடிவைச் சீக்கிரம் எடுக்க வேண்டும். 11 நாள் மீதி இருக்கும்போது 0.3 நாட் கூட்டினால் போதும், 2 நாள் மீதி இருக்கும்போது அதே 72 கடல் மைலை ஈடுகட்டக் கிட்டத்தட்ட 3 நாட் ஏற்ற வேண்டியிருக்கும். கையில் நேரம் வைத்திருக்கும் கப்பல்தான் மோசமான கடலில் எரிபொருளை மிச்சம் பிடிக்கும்.

வானிலையைப் பார்த்து வழி வகுப்பது எவ்வளவு நம்பகமானது?

யோசனை பழையது. அமெரிக்கக் கடற்படையின் மேத்யூ மோரி, கப்பல்களின் பழைய பதிவேடுகளில் இருந்து காற்றையும் நீரோட்டத்தையும் தொகுத்து 1847இல் வடக்கு அட்லாண்டிக் வரைபடத்தை வெளியிட்டார். அது சராசரி வானிலை. இன்று வருவது அடுத்த சில நாட்களுக்கான முன்கணிப்பு. நான்கைந்து நாள் வரை அதை நம்பிப் போகலாம், அதற்கு மேல் ஒற்றைக் கணிப்பை நம்புவது சூதாட்டம். ஐரோப்பிய நடுத்தரக் கால வானிலை முன்கணிப்பு மையம் போன்றவை, தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றிப் பல கணிப்புகளைச் சேர்த்துத் தருகின்றன. அவை எல்லாம் ஒரே பக்கம் காட்டினால் நம்பலாம். ஆளுக்கொரு திசை காட்டினால், திரும்பி வர இடம் வைத்துக்கொண்டு வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நீரோட்டத்தையும் விட்டுவிடக் கூடாது. தென்னாப்பிரிக்கக் கரையோரம் தென்மேற்காக ஓடும் அகுல்யாஸ் நீரோட்டம், அதே திசையில் போகும் கப்பலுக்குச் சில நாட் வேகத்தை இலவசமாகத் தரும். ஆனால் தென்மேற்கில் இருந்து புயல் அலை வரும்போது, எதிரெதிரே மோதி அலைகள் செங்குத்தாக எழும். அப்போது இலவச வேகத்துக்கு ஆசைப்படாமல் 200 மீட்டர் ஆழக் கோட்டுக்கு உள்ளே, கரைப் பக்கம் ஒதுங்குவதுதான் மாலுமிகளின் வழக்கம்.

அலையை எந்தக் கோணத்தில் எதிர்கொள்வது சிக்கனம்?

நேர் எதிரே வருவதைவிடச் சற்றுச் சாய்வாக, மூக்கின் ஓரத்தில் வாங்கினால் குத்தலும் அறைதலும் குறையும். ஆனால் கண்டெய்னர் கப்பலில் கோணத்தை எரிபொருளுக்காக மட்டும் தேர்ந்தெடுக்கக் கூடாது. அலை நீளம் கப்பல் நீளத்தை ஒட்டி இருந்து, அலையைச் சந்திக்கும் இடைவெளி, கப்பல் ஒரு முறை பக்கவாட்டில் உருண்டு மீளும் இயல்பான நேரத்தில் பாதியாக அமைந்தால், எதிர் அலையிலும் கப்பல் திடீரென்று பக்கவாட்டில் பயங்கரமாக உருளத் தொடங்கும். 1998 அக்டோபரில் வட பசிபிக்கில் ஏபிஎல் சைனா கப்பல் இப்படித்தான் நூற்றுக்கணக்கான கண்டெய்னர்களைக் கடலில் இழந்தது. 2020 நவம்பர் கடைசியில் அதே பெருங்கடலில் ஒன் ஏபஸ் கப்பல் சுமார் 1,800 கண்டெய்னர்களை இழந்தது. ஆபத்தான வேகமும் கோணமும் எவை என்று கண்டறிய ஐஎம்ஓ 2007இல் வெளியிட்ட வழிகாட்டல் சுற்றறிக்கை இருக்கிறது, கப்பலைச் செலுத்தும் அறையான பிரிட்ஜில் எட்டும் இடத்தில் இருக்க வேண்டியது.

ஆட்டோபைலட்டை அப்படியே விட்டுவிடலாமா?

அமைதியான கடலுக்கான அமைப்பில் விட்டால், ஒவ்வொரு அலைக்கும் அது சுக்கானை இங்கும் அங்கும் ஆட்டும். ஒவ்வொரு திருப்பமும் ஒரு தடை. வானிலை அமைப்பை மாற்றி, மூக்கு இரண்டு மூன்று பாகை ஆடுவதைப் பொறுத்துக்கொள்ள விட வேண்டும். காசில்லாத சேமிப்பு.

ட்ரிம் (கப்பலின் முன்-பின் சாய்வு) மென்பொருள் சொல்வதை மோசமான கடலிலும் பின்பற்றலாமா?

அந்த மென்பொருள்களில் பல, அமைதியான நீருக்கான கணக்கையே வைத்திருக்கும். மூக்கைச் சற்றுத் தாழ்த்தினால் மிச்சம் என்று அவை சொல்லலாம். பெரிய எதிர் அலையில் மூக்கு தாழ்ந்தால் தண்ணீர் மேல்தளத்தில் ஏறும், பின்னே புரொப்பெல்லரும் வெளியே வரும். இங்கே கேப்டனின் கண்தான் மென்பொருள்.

மூக்கின் வடிவத்தை மாற்றினால் பலன் உண்டா?

உண்டு, ஆனால் அது கப்பல் கட்டும்போது எடுக்கும் முடிவு. நீருக்கடியில் இருக்கும் குமிழ் மூக்கு, குறிப்பிட்ட வேகத்துக்கும் கப்பல் அமிழும் ஆழத்துக்கும் அமைதியான நீருக்கும் ஏற்ப வடிவமைக்கப்படுவது. அலையில் அது வெளியே வந்து அறையும்போது அந்தக் கணக்கு கலைந்துவிடும். அதனால் நீர்மட்டத்துக்கு மேலே உள்ள பகுதியைக் கூர்மையாக்கி, மோதும் அலையை முன்னே திருப்பி அனுப்பாமல் பக்கவாட்டில் தள்ளும் வடிவங்கள் வந்தன. ஜப்பானியக் கப்பல் கட்டும் தளங்கள் பல்க் கேரியர்களில் கோடரி போன்ற மூக்கை வைத்தது இதற்காகத்தான். நார்வேயின் உல்ஸ்டைன் நிறுவனம் பின்னோக்கிச் சாய்ந்த மூக்கை உருவாக்கியது. 2006இல் வந்த போர்பன் ஓர்கா அதன் முதல் கப்பல், அது சரக்குக் கப்பல் அல்ல, கடலடி எண்ணெய்த் துறைக்கான துணைக் கப்பல். தட்டையான மூக்குள்ள பெரிய டேங்கருக்கும் பல்க் கேரியருக்கும் கூர்மையாக்குவதில் லாபம் அதிகம்.

காற்றையும் அலையையுமே உந்துசக்தியாக மாற்ற முடியாதா?

முடியும். ஜெர்மன் பொறியாளர் ஆன்டன் ஃப்ளெட்னரின், பாய் போலக் காற்றைப் பயன்படுத்தும் சுழலும் உருளைகளைப் பொருத்திய கப்பல் 1926இலேயே அட்லாண்டிக்கைக் கடந்து நியூயார்க் போனது. 2023 ஆகஸ்டில் பிக்ஸிஸ் ஓஷன் என்ற பல்க் கேரியர் 37.5 மீட்டர் உயரமுள்ள இரண்டு திடப் பாய்களோடு கிளம்பியது. ஆறு மாத ஓட்டத்தில் சராசரியாக நாளுக்கு 3 டன் மிச்சம் என்று அறிவித்தார்கள். ஆனால் பாய்க்கு வேண்டியது பக்கவாட்டில் வீசும் நல்ல காற்று. நேர் எதிர்க்காற்றில் பயனில்லை, புயலில் மடக்கி வைத்துவிட வேண்டியதுதான்.

அலையைப் பயன்படுத்த மூக்கின் அடியில் இறக்கை போன்ற துடுப்புகளைப் பொருத்துகிறார்கள். மூக்கு எழுந்து விழும்போது அவை முன்னோக்கித் தள்ளும், குத்தலையும் குறைக்கும். ஜப்பானியப் படகோட்டி கெனிச்சி ஹோரியே 2008இல் ஹவாயில் இருந்து ஜப்பானுக்கு அலை ஆற்றலால் மட்டுமே ஓடும் படகில் போய்ச் சேர்ந்தார், மனிதன் நடக்கும் வேகத்தில். பெரிய சரக்குக் கப்பலுக்கு இவை துணைதான். கப்பல் சிறியதாக இருந்து, அலை அதிகம் ஆட்டும் வழித்தடத்தில் ஓடினால் யோசிக்கலாம்.

உண்மையிலேயே மிச்சமாகிறதா என்று எப்படிச் சரிபார்ப்பது?

கப்பல் தினமும் நண்பகலில் அனுப்பும் நூன் ரிப்போர்ட்டில் இருக்கும் ஸ்லிப் (நழுவல்) என்ற எண்ணில் இருந்து தொடங்கலாம். புரொப்பெல்லரின் பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேற வேண்டிய தூரம்) 6 மீட்டர், ஓட்டம் 80 ஆர்பிஎம் என்றால், நழுவலே இல்லாமல் போக வேண்டிய வேகம் 15.6 நாட். கப்பல் போனது 12.5 நாட் என்றால் ஸ்லிப் சுமார் 20 சதவீதம். வழக்கமாக 5 சதவீதம் காட்டும் கப்பலில் இது திடீரென்று ஏறினால் காரணம் வானிலை. வானிலை நல்லதான பிறகும் இறங்காவிட்டால், அடியில் பாசியும் சிப்பியும் பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆனால் 24 மணி நேரத்துக்கு ஒரு வரி எழுதும் ரிப்போர்ட்டில், காலையில் புயல், மாலையில் அமைதி என்ற நாள் ஒரே சராசரியாக மழுங்கிவிடும். தண்டில் முறுக்குவிசை மானியும் எரிபொருள் ஓட்டமானியும் இருந்தால், நிமிடத்துக்கு நிமிடம் தெரியும். கருவி வாங்கக் காசு இருந்தால் நான் முதலில் வாங்கச் சொல்வது அதைத்தான்.

இவ்வளவு தெரிந்தும் கப்பல்கள் ஏன் புயலுக்குள் விரட்டிக்கொண்டு போகின்றன?

ஒப்பந்தங்கள்தான் பெரிய காரணம். டைம் சார்ட்டரில் (கப்பலைக் குறித்த காலத்துக்கு வாடகைக்கு எடுக்கும் ஒப்பந்தம்) கப்பலை ஓட்டுவது உரிமையாளர், எரிபொருளுக்குக் காசு கொடுப்பது வாடகைக்கு எடுத்தவர். வேகத்துக்கும் எரிபொருளுக்கும் உரிமையாளர் தரும் உத்தரவாதம் பெரும்பாலும் காற்றின் அளவுகோலான பியூஃபோர்ட்டில் 4 வரையான நல்ல வானிலைக்கு மட்டுமே. அதைத் தாண்டிய நாட்கள் கணக்கிலேயே வராது. அதாவது எரிபொருள் அதிகம் வீணாகும் நாட்களை யாரும் அளப்பதில்லை. வாயேஜ் சார்ட்டரில் (ஒரு பயணத்துக்கு மட்டும் போடும் ஒப்பந்தம்) வேறு சிக்கல்: சீக்கிரம் போய்ச் சேர்ந்து, கப்பல் தயார் என்று நோட்டீஸ் கொடுத்தால்தான் தாமதக் கட்டணத்துக்கான கடிகாரம் ஓடத் தொடங்கும். ஆகவே புயலில் அடி வாங்கி விரைந்து போய், துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நாள் கணக்கில் காத்திருப்பார்கள்.

2023 முதல் நடைமுறைக்கு வந்த கார்பன் தீவிரக் குறியீடும் இதை முழுதாகச் சரிசெய்யவில்லை. கப்பலின் கொள்ளளவையும் ஓடிய தூரத்தையும் பெருக்கி, வெளியிட்ட கார்பன் டை ஆக்சைடை அதனால் வகுத்து, ஏ முதல் இ வரை தரம் தருகிறார்கள். இதன்படி புயலைச் சுற்றிப் போன கூடுதல் தூரம் தரத்தை உயர்த்திக் காட்டும், நின்று காத்திருந்த நேரம் தரத்தைத் தாழ்த்தும்.

தீர்வுக்கான சொற்கள் தயாராகவே இருக்கின்றன. துறைமுகம் தயாராகும் நேரத்துக்கு ஏற்பக் கப்பல் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம், அதற்காக யாரும் நஷ்டஈடு கேட்கக் கூடாது என்று சொல்லும் பிரிவைச் சர்வதேசக் கப்பல் துறைச் சங்கமான பிம்கோ 2021இல் வாயேஜ் சார்ட்டருக்கென வெளியிட்டது. சரக்கு எடுக்கும் முன், ஒப்பந்தம் பேசும் மேசையிலேயே அதைச் சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். கப்பல் கடலில் இறங்கிய பிறகு கேட்டால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.